மரமும் தோலும்: நொதிப் பாடத்தை நம் ஊரிலிருந்து தொடங்குவோம்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் ஆசிரிய நண்பர்களே! எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘மரக்கழிவிலிருந்து எரிபொருள்: நொதிகளின் பங்கு’. தலைப்பைக் கேட்டதும், இதற்கும் நம் பகுதிக்கும் என்ன தொடர்பு என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று எடுத்துக்கொண்டால் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது தோல். அப்பா டேனரியில் இருப்பார்; அம்மாவோ அக்காவோ ஷூ கம்பெனிக்குப் போவார்கள். மரத்தைச் சர்க்கரையாக்கும் கதை அவர்களுக்கு எங்கோ நடப்பதாகத்தான் படும்.

ஆனால் இவை இரண்டும் ஒரே பாடம்தான். மரத்திலிருந்து சர்க்கரை எடுப்பவர், நொதி உள்ளே நுழைவதற்கு வழி திறக்கிறார். தோல் பதனிடுபவர், நொதி உள்ளே நுழையாதபடி வழியை அடைக்கிறார். இதை மட்டும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் போதும். ‘நொதிகள் என்பவை உயிரி வினையூக்கிகள்’ என்ற வரியை மனப்பாடம் செய்யும் வேலை குறைந்துவிடும்.

பேட்டிங் போடும் அப்பா

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் நொதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உமிழ்நீரில் அமைலேஸ், வயிற்றில் பெப்சின் என்று வழக்கமான வரிசை. ஒரு மாணவி எழுந்து, “மிஸ், எங்கப்பா டேனரில பேட்டிங் போடுறாரு. அந்தப் பவுடரும் இதுதான்னு சொன்னாரு” என்றாள். வகுப்பே சிரித்தது. பேட்டிங் என்றதும் அவர்களுக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் முகம் சிறுத்து உட்காரப் போனாள். “உட்காராதே, முழுசா சொல்லு” என்றேன். டிரம்மில் தோலோடு அந்தப் பவுடரைப் போட்டுச் சுற்றவிடுவார்கள் என்றும், நேரம் கூடினால் தோல் கெட்டுவிடும் என்றும், ஆனது தெரிய அப்பா கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார் என்றும் சொன்னாள். நொதியின் வினை நேரத்தைப் பொறுத்தது என்பதை, பாடநூலைத் திறக்காமலே அவள் வகுப்புக்குச் சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. சுண்ணாம்பில் ஊறி முடி நீங்கிய தோல், விறைப்பாக இருக்கும். அதில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தோடு, வேண்டாத வேறு புரதங்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வேண்டாதவற்றை மட்டும் நொதியால் கரைத்து வெளியேற்றுவதுதான் பேட்டிங். வேலை முடிந்த தோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும். ஆய்வகக் கருவி ஏதும் இல்லாமல், வினை முடிந்த கட்டத்தை விரலால் அறியும் முறை இது.

இந்த வேலைக்கு முன்காலத்தில் பல நாடுகளில் பயன்படுத்தியது என்ன தெரியுமா? நாயின் மலமும் புறாவின் எச்சமும்! அவற்றிலிருந்த செரிமான நொதிகளும் பாக்டீரிய நொதிகளும்தான் தோலை மென்மையாக்கின. ஆனால் அப்படி ஒன்று வேலை செய்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் இதை ஆராய்ந்தார். விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டே அதே வேலையைச் செய்யலாம் என்று காட்டினார். 1907-இல் ஓட்டோ ஹாஸ் என்பவருடன் சேர்ந்து ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். உலகில் நொதி ஒரு தொழிற்சாலைப் பொருளாக விற்பனைக்கு வந்த தொடக்கக் கட்டங்களில் தோல் பதனிடுதலுக்கு முக்கிய இடம் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டால், அப்பாவின் வேலையைச் சொல்ல ஏன் கூச வேண்டும்?

துவர்ப்பு என்னும் காவல்

அடுத்த கேள்வி: பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகிவிடுகிறது. பதனிட்ட தோலில் செய்த செருப்பு, மழையில் நனைந்தும் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. ஏன்?

அழுகுவது என்றால், நுண்ணுயிரிகள் தம் நொதிகளால் தோலின் புரதத்தை வெட்டித் தின்பது. தோல் பதனிடுதல் என்றால், அந்தக் கத்தரிக்கோல் நுழைய முடியாதபடி கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவது. இன்று பெரும்பாலும் குரோமிய உப்பைக் கொண்டு இதைச் செய்கிறார்கள். அதற்கு முன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்தன. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல்கள் வெளிநாடுகளுக்குப் பெருமளவில் ஏற்றுமதியானது வரலாறு. அந்தப் பட்டையில் இருப்பது டானின். அது புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும்.

இதை விளக்க ஆய்வகம் வேண்டாம், நாக்கு போதும். கடுக்காயைச் சுவைத்தால் வாய் வறண்டு, நாக்கு இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கிறதல்லவா? அறுசுவையில் ஒன்றாக நாம் சொல்லும் துவர்ப்பு அதுதான். உமிழ்நீரில் உள்ள வழவழப்பான புரதங்களோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வழவழப்புக் குறைகிறது. டேனரியில் தோலுக்கு நடப்பதன் சின்ன வடிவம், நம் வாயிலேயே நடக்கிறது.

சரி, ஆவாரம்செடி தன் பட்டையில் டானினை ஏன் சேர்த்துவைக்கிறது? நாம் தோல் பதனிடுவதற்காகவா? பூச்சியும் பூஞ்சையும் தன்னைத் தின்னாமல் காத்துக்கொள்ளத்தான். டானின் அவற்றின் செரிமான நொதிகளோடும் ஒட்டிக்கொண்டு வேலை செய்யவிடாது. மரம் தனக்கு வைத்திருந்த காவலை மனிதன் தோலுக்கு வாங்கிக்கொண்டான். இந்த இடத்திலிருந்து பிள்ளைகளை மரத்துக்கு அழைத்துப் போவது எளிது.

மரத்துக்குள் இருக்கும் சர்க்கரை

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு செல்லுலோஸ். அது முழுக்க முழுக்கக் குளுக்கோஸ் அலகுகள் கோத்த சங்கிலி. அரிசியில் இருக்கும் ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான். அப்படியானால், சோற்றை மெல்ல மெல்ல இனிக்கிறது, குச்சியை மென்றால் ஏன் இனிப்பதில்லை?

மணி ஒன்றுதான், கோத்த விதம் வேறு. ஸ்டார்ச்சில் அலகுகள் ஆல்ஃபா பிணைப்பில் இணைந்திருக்கின்றன. சங்கிலி சுருண்டு தளர்வாக இருக்கும். செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. சங்கிலிகள் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு நெருங்கி, படிகம் போல் இறுகிவிடும். நம் அமைலேஸ் என்னும் சாவி ஆல்ஃபா பூட்டுக்கு மட்டுமே பொருந்தும். எமில் ஃபிஷர் 1894-இல் சொன்ன பூட்டு-சாவி மாதிரிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

செல்லுலோஸ் தனியாகவும் இருப்பதில்லை. அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ். இரண்டையும் பிணைத்துப் பூசியதுபோல் லிக்னின். கட்டடத்தில் கம்பி, கம்பியைக் கட்டும் கட்டுக்கம்பி, மேலே சிமெண்ட் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். நொதி கம்பியை வெட்ட வேண்டுமானால் முதலில் சிமெண்டைப் பெயர்க்க வேண்டும்.

இதைச் செய்யும் உயிர்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. கறையானும் மாடும், குடலிலும் இரைப்பையிலும் வாழும் நுண்ணுயிரிகளின் துணையோடு செல்லுலோஸைச் செரிக்கின்றன. மழைக்காலத்தில் வெட்டிப்போட்ட கட்டையில் காளான் முளைத்து, சில மாதங்களில் கட்டை வெளுத்துப் பஞ்சுபோல் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். லிக்னினையே உடைக்கும் நொதிகள் கொண்ட பூஞ்சைகளின் வேலை அது.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

இன்று தொழிற்சாலைகளில் செல்லுலோஸை உடைக்கப் பயன்படும் நொதிகளுக்குப் பின்னால் ஒரு போர்க்காலக் கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் வெகு வேகமாக மக்கின. பருத்தி என்பது ஏறக்குறைய தூய செல்லுலோஸ். மக்கிய துணியிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். அப்போதைய நோக்கம், அதைத் தடுப்பது எப்படி என்பதே. எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் ஆகிய அறிவியலாளர்கள் அந்தப் பூஞ்சையின் நொதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 1970-களில் பெட்ரோல் நெருக்கடி வந்தபோது கேள்வி திரும்பியது: கூடாரத்தைச் சர்க்கரையாக்கித் தின்றதே, கழிவையும் அப்படிச் சர்க்கரையாக்குமா? ரீஸைச் சிறப்பிக்கும் வகையில் அந்தப் பூஞ்சைக்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் வைத்தார்கள். அதே பூஞ்சையின் வழித்தோன்றல்கள் இன்றும் செல்லுலேஸ் நொதிகளைச் சுரந்து கொடுக்கின்றன.

செல்லுலேஸ் என்பது ஒரு நொதி அல்ல, ஒரு குழு. ஒன்று சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று முனையிலிருந்து இரண்டிரண்டு அலகாகக் கழற்றும். மூன்றாவது, அந்த இரட்டையைப் பிரித்துக் குளுக்கோஸ் ஆக்கும்.

ஆலையில் நடக்கும் படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மரத்தூளையோ வைக்கோலையோ உயர் அழுத்த நீராவி, நீர்த்த அமிலம் அல்லது காரம் கொண்டு பதப்படுத்தி, லிக்னின் காவலைத் தளர்த்துவார்கள். பிறகு சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இலேசான அமிலத்தன்மையில் நொதிகளைச் சேர்த்து ஒன்றிரண்டு நாள் விடுவார்கள். கிடைக்கும் சர்க்கரைக் கரைசலை ஈஸ்ட் நொதிக்கவைத்து எத்தனால் ஆக்கும். இறுதியில் காய்ச்சி வடிப்பார்கள்.

பத்தாம் வகுப்பு மோல் கணக்கை இங்கே கொண்டுவரலாம். 100 கிலோ உலர்ந்த மரத்தில் 40 கிலோ செல்லுலோஸ் என்று வைத்துக்கொள்வோம். செல்லுலோஸில் ஒரு குளுக்கோஸ் அலகின் நிறை 162. ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்து உடையும்போது 180 ஆகிறது. எனவே 40 கிலோவிலிருந்து சுமார் 44 கிலோ குளுக்கோஸ். 180 கிராம் குளுக்கோஸ் நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டைஆக்சைடும் வரும். ஆகவே அதிகபட்சம் 22.7 கிலோ எத்தனால், அதாவது சுமார் 29 லிட்டர். இது காகிதக் கணக்கு.

நடைமுறையைப் பார்ப்போம். ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை 2022 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம். 100 கிலோவுக்கு 15 லிட்டர் வருகிறது. மேலே போட்ட கணக்கில் பாதிதான். ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வைக்கோலில் செல்லுலோஸ் சற்றுக் குறைவு; ஈரமும் சாம்பலும் உண்டு; நொதி எட்டாத இடங்கள் மிச்சம் இருக்கும். அசாமின் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் மூங்கிலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையும் திறக்கப்பட்டிருக்கிறது. மூங்கில் தாவரவியலில் புல் இனம்தான் என்றாலும் கட்டமைப்பில் மரத்தை ஒத்தது.

வைக்கோலைவிட மரம் இன்னும் கடினம். அதனால்தான் இன்று நம் நாட்டில் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் பெரும்பகுதி கரும்பு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்தே வருகிறது. உணவுப் பொருளை எரிபொருளாக்கலாமா என்ற விவாதம் எழுவதும் அதனால்தான். மரத்தின் பூட்டை மலிவாகத் திறக்க முடிந்தால் அந்த விவாதமே மாறிவிடும்.

பாலாறு கேட்கவைக்கும் கேள்வி

இங்கே நம் பகுதி ஆசிரியர்கள் ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ‘இயற்கையானது, பசுமையானது’ என்று எந்தத் தொழில்நுட்பத்தையும் பாராட்டி முடித்துவிடும் உரிமை, பாலாற்றங்கரையில் பாடம் நடத்தும் நமக்கு இல்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதும், தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கின்றன. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற கோட்பாடும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரோடு அதைப் படிக்கிறார்கள். நம் வகுப்பறைகளில் அது எவ்வளவு பேசப்படுகிறது?

தோலில் முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன. சல்பைடு முடியைக் கூழாக்கிவிடும். அந்தக் கூழ் முழுவதும் கழிவுநீரில் சேரும். சல்பைடு கலந்த கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு வரும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்குவது உயிருக்கு ஆபத்து என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதை ஒரு வேதிச் சமன்பாடாக மட்டும் எழுதிப் போட்டுவிட்டு நகராதீர்கள். அந்த வேலைக்குப் போகக்கூடிய குடும்பத்துப் பிள்ளை நம் முன் உட்கார்ந்திருக்கலாம்.

இதற்கு மாற்றாக முடியின் வேர்ப்பகுதியைத் தளர்த்தும் நொதிகள் இருக்கின்றன. அவை கொலாஜனைத் தொடாமல் முடியை மட்டும் முழுதாகக் கழலவிடும். 1948-இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்துவருகிறது. ஆனாலும் சல்பைடு ஒழிந்துவிடவில்லை. நொதிக்கு விலை உண்டு. வெப்பமும் நேரமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். கவனம் தவறினால் தோல் கெடும். எத்தனால் ஆலையிலும் இதே மூன்று சிக்கல்கள்தான்: விலை, நேரம், கட்டுப்பாடு.

ஆகவே எரிபொருள் பாடத்தின் முடிவில் நான் நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவேன். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மிஞ்சும் கழிவு எங்கே போகிறது? வேலை செய்பவருக்கு என்ன பாதுகாப்பு? இந்த நான்கையும் டேனரிக்குக் கேளுங்கள், பிறகு எத்தனால் ஆலைக்கும் கேளுங்கள் என்பேன்.

வகுப்பில் செய்ய மூன்று செயல்பாடுகள்

முதலாவது: ஒரு சோதனைக்குழாயில் நீர்த்த சோற்றுக்கஞ்சி, இன்னொன்றில் சிறிது சுத்தமான பஞ்சும் நீரும். மாணவர் தம் உமிழ்நீரைத் தாமே இரண்டிலும் சேர்த்து, கைச்சூட்டில் கால் மணி நேரம் வைக்கட்டும். கஞ்சியில் அயோடின் விட்டால் நீலம் வராது, அல்லது குறையும். பஞ்சு பஞ்சாகவே இருக்கும். இரண்டும் குளுக்கோஸ் சங்கிலிதான் என்று அப்போது சொல்லுங்கள்.

இரண்டாவது: முட்டையின் வெள்ளைக்கருவை நீரில் கலக்கி வடிகட்டி, அதில் கடுக்காய்த் தூள் கொதித்து ஆறிய நீரைச் சில துளிகள் விடுங்கள். உடனே கலங்கி வெண்மையாகத் திரியும். தோலுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: கடுக்காய் நீர் சேர்த்த குழாயில் அயோடின் சோதனை செய்யாதீர்கள். டானின் அயோடினோடு வினைபுரிந்து நிறத்தை மாற்றிவிடும். முடிவு தவறாகத் தெரியும்.

மூன்றாவது, தொடக்கப் பள்ளிக்கும் பொருந்தும்: பள்ளி வளாகத்தில் ஒரு காய்ந்த வாழைமட்டை, ஒரு வேப்பங்குச்சி, ஒரு பழைய தோல் துண்டு மூன்றையும் ஈர மண்ணில் அருகருகே புதைத்துவைத்து மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். எது முதலில் மக்குகிறது, எது மக்க மறுக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதட்டும். காரணம் சொல்லும் வயது பிறகு வரும். கவனிக்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

இவற்றோடு ஒரு வேண்டுகோள். நொதிப் பாடம் வரும் வாரத்தில், டேனரியில் வேலை பார்க்கும் ஒரு பெற்றோரை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் வைப்பார்கள், எப்படித் தெரிந்துகொள்வார்கள், எது கையைச் சுடும், எது மூச்சை அடைக்கும் என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவர் பட்டறிவால் சொல்வதற்கு நாம் பாடநூல் சொல்லைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். என் வகுப்பில் சிரிப்புக்கு ஆளான அந்தப் பெண், அடுத்த வாரம் அப்பாவிடம் கேட்டு எட்டுக் கேள்விகளுக்கு விடை எழுதிவந்தாள். அவற்றில் இரண்டுக்கு எனக்கே விடை தெரியாது. நூலகத்தில் தேடித்தான் சரிபார்த்தேன்.

மரத்தின் பூட்டை மலிவாகத் திறக்கும் நொதியையும், சல்பைடு இல்லாமல் தோலைச் சீர்செய்யும் நொதியையும் இனிமேல்தான் யாரோ மேம்படுத்த வேண்டியிருக்கிறது. அந்த யாரோ, தொழிலின் நன்மையையும் கேட்டையும் வீட்டிலேயே பார்த்து வளர்ந்த நம் மாணவராக இருந்தால் நல்லது. அதற்கான முதல் படி, அவர் வீட்டில் கேட்கும் சொற்களுக்கு நம் வகுப்பில் இடம் கொடுப்பது.